தூத்துக்குடி கடலுக்கு அடியில் 'பேங்க்' இருக்கா? ஒரே வார்த்தை, எத்தனை அர்த்தம்!

தூத்துக்குடியில் 'பேங்க்' என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிதான். 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கி, இன்றும் இதே ஊரைத் தலைமையிடமாக வைத்து இயங்குகிறது. ஆனால் பழைய ஆங்கில ஆவணங்களில் தூத்துக்குடிக்கு வேறு சில 'பேங்க்'குகளும் உண்டு. பேர்ல் பேங்க்ஸ். அவை இருப்பது கடலுக்கு அடியில்!

அப்படியே தமிழில் போட்டால் 'முத்து வங்கி' என்று ஆகிவிடும். நம்ம ஊர்க்காரர்கள் அதைச் சொல்வது 'பார்' என்று. சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், முத்துச்சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகள் இவை. தொலையாயிரம் பார் போல ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் உண்டு.

திட்டுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பழைய ஜெர்மானிய மொழிகளில் அந்தச் சொல்லுக்கு மேடு, பலகை என்று பொருள். மேடு என்ற பொருள் ஆற்றங்கரைக்கும் கடல் திட்டுக்கும் போனது. பலகை இத்தாலிக்குப் போய், காசு மாற்றுபவர்களின் மேசையானது. அங்கிருந்துதான் நம்ம பாஸ்புக் வரைக்கும் வந்திருக்கிறது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவதும் 'பேங்க்'தான். அது மேட்டின் சரிவிலிருந்து வந்தது.

சேமித்து வைத்து எடுப்பது என்ற அர்த்தம் பிடித்துப்போக, 1937-ல் சிகாகோவில் டாக்டர் பெர்னார்ட் ஃபான்டஸ் 'பிளட் பேங்க்' என்று பெயர் வைத்தார். 'வோட் பேங்க்' நம்ம ஊர் சரக்கு: சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ் 1950-களில் எழுதியது. பவர் பேங்க் பற்றிச் சொல்லவே வேண்டாம், இதைப் படிக்கும்போதே உங்கள் போனில் செருகியிருக்கலாம்.

ஆனால் பாரில் பேலன்ஸ் பார்க்க முடியாது. ஒரு வருஷம் கோடிக்கணக்கில் சிப்பி இருக்கும். அடுத்த வருஷம் மணலும் நீரோட்டமும் மீன்களும் சேர்ந்து காலி செய்துவிடும். அதனால்தான் முதலில் ஆளை இறக்கிச் சோதித்துவிட்டு, சிப்பி தேறினால் மட்டும் முத்துக்குளிப்பை அறிவிப்பார்கள்.

எதிர்க்கரையில் நடந்ததைப் பாருங்கள். 1905-ல் இலங்கையில் பிரம்மாண்டமான முத்துக்குளிப்பு. அதைப் பார்த்து லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, 1906-ல் இலங்கைப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1907-க்குப் பிறகு அள்ளுவதற்குச் சிப்பியே இல்லை. குத்தகைக் காலம் முடிவதற்கு முன்பே கம்பெனி மூடப்பட்டது. வங்கியில் போட்ட பணம் போல வட்டி வரும் என்று நம்பிய முதலீட்டாளர்கள் பாவம்தான்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பரம்பரையாக மூச்சடக்கி முத்துக்குளித்தவர்கள் பிறகு சங்கு எடுக்கவும் மீன் பிடிக்கவும் போனார்கள். 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. பின்னர் பொரிப்பகத்தில் வளர்த்த சிப்பிக் குஞ்சுகளைப் பார்களில் கொண்டுபோய் விட்டும் பார்த்தார்கள். ஒரு வகையில் டெபாசிட். அதற்குப் பிறகும் அரசு முத்துக்குளிப்பு எதுவும் அங்கே நடக்கவில்லை.