வறண்ட நேரத்தில் கேட்பது

நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போவதா, இன்னொரு மழையைப் பார்ப்பதா? அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் வீடுகளில் இந்தக் கேள்வி எழாத வருடம் குறைவு. முழந்தாளிட்டுக் கேட்கிறோம், பதில் வரவில்லையென்று எழுந்துவிடுகிறோம்.

சிறுவன் சாமுவேலும் ஆண்டவர் அழைத்தபோது மூன்று முறை ஏலியிடம்தான் ஓடினான் (1 சாமு 3). ஏலி சொல்லிக்கொடுத்த பிறகே நான்காம் அழைப்பு அவனுக்குப் புரிந்தது.

1521இல் பம்பலோனாப் போரில் காலில் குண்டடிபட்டுப் படுத்திருந்த புனித இஞ்ஞாசியார் தம் மனத்தைக் கவனித்தார். வீரசாகசக் கனவுகள் அப்போதைக்கு இனித்தன, பிறகு வெறுமையே மிஞ்சியது. புனிதர்களைப் போல வாழும் எண்ணமோ மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. இந்த வேறுபாட்டில்தான் கடவுளின் வழிநடத்துதலை அவர் உணர்ந்தார். மனம் தெளிவாயிருந்தபோது எடுத்த முடிவை வறட்சியில் மாற்றக் கூடாது, செபம் கசக்கும் நாளில் குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும் என்று ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் சொல்கிறார். மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துக் காத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல.

விற்பதாகவே எண்ணி ஒரு நாள் செபிப்போம்; இருப்பதாக எண்ணி மறுநாள். எந்த எண்ணத்தில் மனம் அமைதியடைகிறது என்று பார்த்து, வீட்டாரிடமும் பேசுவோம். கடன்காரர் வாசலில் நிற்கிற அன்றைக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.