மூன்றாண்டு வீரர்களும் முப்பதாண்டு ரசிகர்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெருநகரங்களில் தொழில்முறை அணிகள் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தின் பிரசித்தி உலகெங்கும் பரவியிருக்கிறது. அந்தப் பிரகாசத்துக்கு அப்பால், பல்கலைக்கழக மைதானங்களில் மாணவர்கள் ஆடும் பேஸ்பால் ஒன்று உண்டு. அதற்கென்று தனியான பருவமும், தனியான சம்பிரதாயங்களும், தலைமுறை தலைமுறையாக அதைத் தொடர்ந்து வரும் தனியான ரசிகர் கூட்டமும் இருக்கின்றன. இந்த ரசிகர்களுடைய நிலை விசித்திரமானது. தொழில்முறை அணியை நேசிப்பவர் தமக்குப் பிரியமான வீரரைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கண்குளிரப் பார்க்கலாம். கல்லூரி அணியை நேசிப்பவருக்கோ, பதினெட்டு வயதில் வந்து சேரும் ஒரு பிள்ளை, ஆட்டத்தில் தேர்ச்சி பெற்று ஊரார் வாயிலெல்லாம் தன் பெயர் அடிபடத் தொடங்கும் வேளையிலேயே விடைபெற்றுக்கொண்டு போய்விடுவான் என்பது முதல் நாளே தெரியும். தெரிந்திருந்தும் அவர் ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள்மேல் அதே அபிமானத்தைச் சொரிகிறார். இந்த அபிமானம் எதைப் பற்றி நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பது, விளையாட்டில் ஈடுபாடு இல்லாதவர்களுக்கும் பயன் தரக்கூடிய விஷயம் என்றே நான் கருதுகிறேன்.

பேஸ்பாலைக் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று கொண்டால் நம் வாசகர்களுக்கு அது எளிதில் விளங்கும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்தை எறிபவரைப் பிட்சர் என்பார்கள். அவர் பந்தைத் தரையில் குத்தவிடாமல் நேரே எறிய, எதிரணியின் ஆட்டக்காரர் உருண்டையான மட்டையால் அதை அடித்துவிட்டு ஓட வேண்டும். சதுரத்தின் மூலைகளாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி முடித்தவருக்கு ஒரு ரன்; பந்து வேலியைத் தாண்டிப் பறந்துவிட்டால் அது ஹோம் ரன். மூவர் ஆட்டமிழந்ததும் மற்ற அணியின் முறை வரும். இவ்விதம் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் இரு பக்கமும் சமமாக இருந்தால், ஒரு பக்கம் ஜயிக்கும்வரை ஆட்டம் நீளும். தொழில்முறை வீரர்கள் மர மட்டையையே பிடிக்க, கல்லூரிகளில் 1974ஆம் ஆண்டு முதல் உலோக மட்டை அனுமதிக்கப்பட்டது. பந்து படும்போது அது எழுப்பும் கணீரென்ற ஓசை கல்லூரி ஆட்டத்துக்கே உரிய அடையாளமாகிவிட்டது.

இந்த ஆட்டத்தின் கல்லூரிச் சரித்திரம் உள்நாட்டுப் போருக்கும் முற்பட்டது. 1859ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் பிட்ஸ்ஃபீல்டு நகரில், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியும் வில்லியம்ஸ் கல்லூரியும் மோதியதே கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் பேஸ்பால் போட்டி. அக்காலத்து விதிகள் வேறு. ஆகவே ஆம்ஹர்ஸ்ட் 73 ரன்களும் வில்லியம்ஸ் 32 ரன்களும் எடுத்ததாகப் படிக்கும்போது இக்காலத்து ரசிகர்கள் வியப்படைவார்கள். மறுநாள் அதே இரண்டு கல்லூரிகளும் சதுரங்கத்திலும் பலப்பரீட்சை செய்தன. தேக பலத்தையும் புத்தி பலத்தையும் ஒரே பயணத்தில் சோதித்துக்கொண்ட அந்த மாணவர்களின் உத்ஸாகத்தில், கல்லூரி விளையாட்டு என்றால் என்னவென்பது முழுமையாக வெளிப்பட்டிருக்கிறது.

இன்று முதல் பிரிவில் சுமார் 300 அணிகள் ஆடுகின்றன. பிப்ரவரி நடுவில் தொடங்கும் பருவத்தில் ஓர் அணி, இறுதிச் சுற்றுகளுக்கு முன்பாக, 56 ஆட்டங்கள்வரை ஆடும். இவற்றில் பெரும்பாலானவை வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களிலும் ஒரே எதிரணியோடு ஆடும் தொடர்களாக அமையும். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் மாணவர்களின் பாடவேளை மட்டும் அன்று. நூறு பந்துகளுக்குக் குறையாமல் முழு வேகத்தோடு எறிந்த கை மறுபடி வலிமை பெறப் பல நாட்கள் ஆகும். ஆதலால் அணியின் தலைசிறந்த பிட்சர் வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலையில் களம் இறங்குகிறார். அவருடைய பெயரை ரசிகர்கள் வெள்ளிக்கிழமையோடு சேர்த்தே சொல்லுவார்கள். சனிக்கிழமை இரண்டாமவர், ஞாயிற்றுக்கிழமை மூன்றாமவர் என்று வரிசை போகும். இடையே செவ்வாய் அல்லது புதன்கிழமையில் அண்டை ஊர்க் கல்லூரியோடு ஓர் ஆட்டம் இருக்கும். அதில்தான் இன்னும் பெயர் பெறாத முதலாண்டு மாணவர்களுக்குச் சந்தர்ப்பம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மைதானம் நிரம்பி வழியும். செவ்வாய்க்கிழமைக் குளிரில் போர்வையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிலரே உண்மையான பக்தர்கள்; ஏனென்றால் அடுத்த ஆண்டு வெள்ளிக்கிழமைக்கு உரியவனாகப் போகிற பிள்ளையை அவர்கள் அன்றே கண்டுகொள்கிறார்கள்.

இந்தப் பக்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மிஸிஸிப்பி மாகாணத்தின் ஸ்டார்க்வில் நகரம் சிறந்த உதாரணம். சுமார் 25,000 பேர் வாழும் அந்த ஊரில் மிஸிஸிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டூடி நோபிள் மைதானம் இருக்கிறது. 1960களில் ரசிகர்கள் சிலர் இடப்புற வேலிக்கு வெளியே தங்கள் சரக்கு வண்டிகளைப் பின்புறமாக நிறுத்தி, அவற்றின்மேல் அமர்ந்து ஆட்டம் பார்க்கத் தொடங்கினார்கள். நாளடைவில் அங்கே பலகை மேடைகள் எழுந்தன, அடுப்புகள் வந்தன, இறைச்சி வாட்டும் புகை மைதானத்தின்மேல் மிதக்கலாயிற்று, குடும்பத்தின் இடம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்தது. மைதானம் புதுப்பிக்கப்பட்டபோதும் பல்கலைக்கழகம் அந்த வழக்கத்தை அகற்றாமல், அதற்கென்றே இடம் ஒதுக்கிக் கட்டியது. 2023 ஏப்ரல் 15ஆம் தேதி, அதே மாகாணத்து ஓல் மிஸ் அணியோடு நடந்த ஆட்டத்தைக் காண 16,423 பேர் அங்கே திரண்டார்கள். பல்கலைக்கழக வளாகத்து மைதானம் ஒன்றில் அதற்குமுன் அவ்வளவு பெரிய கூட்டம் கூடியதில்லை.

ஆடுகிறவர்களோ அங்கே நீண்ட நாள் தங்குகிறவர்கள் அல்லர். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த பேஸ்பால் வீரர் ஒருவரை, அவர் மூன்றாண்டுப் படிப்பை முடிக்கும்வரை அல்லது 21 வயதை எட்டும்வரை, தொழில்முறைச் சங்கங்கள் தேர்ந்தெடுக்கலாகாது என்பது விதி. அந்த வரம்பு கடந்ததும் திறமைசாலிகள் பெரும்பாலும் போய்விடுவார்கள். இருக்கும் காலத்திலும் அவர்களுக்குப் பெரிய சௌகரியங்கள் கிடைத்துவிடவில்லை. முப்பதுக்கு மேற்பட்ட வீரர்கள் கொண்ட ஓர் அணிக்கு மொத்தம் 11.7 உபகாரச் சம்பளங்களே என்று நெடுங்காலம் வரையறை இருந்தது. அதைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கொடுத்ததால், மைதானத்தில் ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரத்தைப் பெற்ற பல பிள்ளைகளின் படிப்புச் செலவில் பெரும்பகுதியை அவர்களுடைய பெற்றோரே சுமந்தார்கள்.

ஆகவே இந்த ஆட்டத்தின் நினைவைச் சேமித்து வைக்கும் பொறுப்பு பார்வையாளர்களிடமே வந்து சேர்கிறது. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகமும் செயிண்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகமும் ஆடிய ஆட்டம் இதை நன்கு விளக்கும். யேலின் ரான் டார்லிங் பதினொரு இன்னிங்ஸ்வரை எதிரணிக்கு ஒரு முறையான அடியைக்கூட விட்டுக்கொடுக்காமல் எறிந்தார். எதிர்ப்பக்கத்தில் ஃபிராங்க் வயோலாவும் பதினொரு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் இன்னிங்ஸில் செயிண்ட் ஜான்ஸ் ஒரே ஒரு ரன் எடுத்து ஜயித்தது. பின்னாளில் இருவருமே தொழில்முறைப் பேஸ்பாலில் உச்சத்தை எட்டினார்கள். அன்றைய பார்வையாளர்களில் ஒருவர் ஸ்மோக்கி ஜோ வுட். அப்போது அவருக்கு வயது 91. 1912ஆம் ஆண்டில் பாஸ்டன் அணிக்காக 34 வெற்றிகளை ஈட்டிய மகா பிட்சரும், பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் யேல் மாணவர்களுக்குப் பயிற்சியளித்தவருமான அந்த முதியவர், தம் பேரப்பிள்ளைகளின் வயதையொத்த இளைஞர்களின் கைவண்ணத்தைக் காண வந்து அமர்ந்திருந்தார். ஏழு தசாப்தங்களின் பேஸ்பால் அன்று அந்த ஓர் இருக்கையில் வீற்றிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பருவத்தின் சிகரம் ஜூன் மாதத்தில் நிகழ்கிறது. 64 அணிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, நான்கு நான்காகப் பதினாறு ஊர்களில் ஆடும். அவற்றில் வென்ற பதினாறும் இரண்டிரண்டாக மோதி எட்டாகக் குறையும். அந்த எட்டு அணிகளும் நெப்ராஸ்கா மாகாணத்தின் ஒமாஹா நகருக்குச் செல்லும். அங்கே நடப்பதே கல்லூரி உலகத் தொடர். 1947ஆம் ஆண்டு மிஷிகனின் கலமசூ நகரில் இத்தொடர் முதன்முதலாக நடந்தபோது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திடம் தோற்ற யேல் அணியில், பிற்காலத்தில் அந்நாட்டின் ஜனாதிபதியான மூத்த ஜார்ஜ் புஷ் முதல் தளத்தைக் காத்து ஆடினார். 1950 முதல் ஒமாஹாவே நிரந்தர ஸ்தலமாயிற்று. ரோஸன்பிளாட் மைதானத்தில் 2010வரை நடந்த வைபவம், அடுத்த ஆண்டு முதல் நகரின் மத்தியில் கட்டப்பட்ட புதிய மைதானத்துக்கு இடம் மாறியது. பிப்ரவரியில் தம் அணியின் முதல் பந்தைப் பார்க்கும்போதே ஒவ்வொரு ரசிகரும் மனத்துக்குள் உச்சரிக்கும் பெயர் ஒமாஹா.

இச்சுற்றுகளின் அழகு, ஒருமுறை தோற்றவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாத நியதியில் இருக்கிறது. முதற்கட்ட ஊர்களிலும் ஒமாஹாவிலும் இரண்டு முறை தோற்ற அணியே வெளியேறும். இறுதியில் எஞ்சும் இரு அணிகள் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றாக வேண்டும். அபஜயத்துக்குப் பின் ஓர் அணி எப்படி நிமிர்கிறது என்பதைக் காணும் வாய்ப்பு இதனால் கிடைக்கிறது. 2008ஆம் ஆண்டு தன் பிரிவின் நான்கு அணிகளில் கடைசி வரிசையில் வைக்கப்பட்டிருந்த ஃபிரெஸ்னோ ஸ்டேட், இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் தோற்றபின் அடுத்த இரண்டையும் வென்று பட்டம் சூடியது. 2022இல் 64 அணிகளின் பட்டியலில் கடைசியாக இடம் பிடித்த ஓல் மிஸ், கடைசி நாளில் முதலாவதாக நின்றது.

தனி மனிதர் ஒருவரின் கதையாகச் சொல்ல வேண்டுமானால், லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வாரன் மாரிஸ் 1996 ஜூன் 8ஆம் தேதி செய்ததைச் சொல்ல வேண்டும். கை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியில் ஆடாதிருந்த அவர், மயாமி அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழந்து, தம் அணி ஒரு ரன் பின்தங்கி, மூன்றாம் தளத்தில் தோழர் ஒருவர் காத்து நின்ற நிலையில் மட்டையோடு வந்து, தமக்கு எறியப்பட்ட முதல் பந்தையே வலப்புற வேலிக்கு அப்பால் அனுப்பினார். 9க்கு 8 என்று பட்டம் கைக்கு வந்தது. அந்தப் பருவம் முழுவதிலும் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அதுவே.

சகிப்புத்தன்மைக்கு எல்லை கண்ட ஆட்டம் ஒன்றும் உண்டு. 2009 மே 30ஆம் தேதி ஆஸ்டின் நகரில் டெக்ஸஸும் பாஸ்டன் காலேஜும் தொடங்கிய போட்டி, ஏழு மணி நேரத்துக்கு மேல் நீண்டு, நள்ளிரவு தாண்டி, இருபத்தைந்தாம் இன்னிங்ஸில் 3க்கு 2 என்று டெக்ஸஸின் ஜயமாக முடிந்தது. கல்லூரிச் சரித்திரத்திலேயே மிக நீண்ட ஆட்டம் அது. டெக்ஸஸின் ஆஸ்டின் வுட் நடுவில் வந்து பதின்மூன்று இன்னிங்ஸ்களுக்கு 169 பந்துகள் எறிந்தார். இறுதிவரை எழுந்து போகாமலிருந்த ரசிகர்கள், ஓர் இரவிலேயே ஏறக்குறைய மூன்று ஆட்டங்களைக் கண்டவர்களாக வீடு திரும்பினார்கள்.

இக்காலத்தில் நிலைமை வேகமாக மாறி வருகிறது. 2021 முதல் மாணவர்கள் வேறு கல்லூரிக்கு மாறி, ஓராண்டு காத்திராமல் உடனே ஆடலாம். தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருளும் ஈட்டலாம். உழைப்பவனுக்கு ஊதியம் சேர்வது நியாயமே. எனினும் மூன்றாண்டுப் பழக்கம் ஓராண்டாகச் சுருங்கிவிட்டால் அன்பு எப்படி வேர் கொள்ளும் என்று பழைய ரசிகர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைக்குப் பால் ஸ்கீன்ஸ் ஒரு பதில். அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் இரண்டாண்டுகள் பயின்ற அவர், 2023இல் ஒரே ஒரு பருவம் லூசியானா ஸ்டேட்டுக்காக எறிந்து, 209 பேரைப் பந்தை அடிக்க விடாமலே ஆட்டமிழக்கச் செய்து, அணி பட்டம் பெறத் துணைநின்றார். அடுத்த மாதமே தொழில்முறைத் தேர்வில் முதல்வராகப் புறப்பட்டுச் சென்றார். அப்பல்கலைக்கழகம் அமைந்த பேட்டன் ரூஜ் நகரத்து மக்கள் அந்த ஒரு வசந்த காலத்துக்காகவே அவரைத் தங்கள் பிள்ளையாக வரித்துக்கொண்டார்கள்.

மிஸிஸிப்பி ஸ்டேட் அணி 1971இல் முதன்முறையாக ஒமாஹா சென்றது; பன்னிரண்டாம் முறையாகச் சென்ற 2021இல்தான் பட்டத்தோடு திரும்பியது. எந்தக் குழு விளையாட்டிலும் அப்பல்கலைக்கழகம் பெற்ற முதல் தேசியப் பட்டம் அதுவே. வென்ற இளைஞர்களில் எவரும் முதல் பயணத்தின்போது பிறந்திருக்கவில்லை. ஐம்பது ஆண்டு ஏக்கத்தை முழுவதுமாக அனுபவித்தவர்கள் இருக்கைகளில் இருந்தவர்களே. ஆகையால் அந்த ஆனந்தமும் முழுவதுமாக அவர்களுக்கே கிடைத்தது. இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பின்பற்ற விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஓர் அணியைத் தேர்ந்துகொள்ளுங்கள், வெள்ளிக்கிழமைப் பிட்சரைப் போலவே செவ்வாய்க்கிழமைச் சிறுவனையும் கவனியுங்கள், போகிறவர்களை வாழ்த்தி அனுப்பிவிட்டு வருகிறவர்களின் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். வீரர்கள் ஒரு கல்லூரிக்குத் தங்கள் இளமையின் மூன்றாண்டுகளைத் தருகிறார்கள். அந்த ஆண்டுகளை ஒன்றோடொன்று தொடுத்துச் சரித்திரமாக்குகிறவர், ஆண்டு தவறாமல் வந்து அமரும் ரசிகரே.