ஆறிய விரலும் ஆறாத பாதமும்

நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் வெட்டும்போது என் விரலையும் வெட்டிக்கொண்டேன். ஒரு வாரத்தில் காயம் ஆறிவிட்டது. அதே நாட்களில் செருப்புக் கடித்து உம்மம்மாவின் பாதத்தில் வந்த புண், இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. அவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? உயர்தர உயிரியல் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.

தோல் வெட்டுப்பட்டதும் குருதிச் சிறுதட்டுகள் அவ்விடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. குருதியில் கரைந்துள்ள பைபிரினோஜன் என்ற புரதத்தைத் துரொம்பின் என்ற நொதியம் பைபிரின் இழைகளாக மாற்றுகிறது. அந்த இழைகள் வலைபோலப் பின்னிக் குருதியை உறையச் செய்கின்றன. சிறுதட்டுகள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் வெண்குழியங்களை அழைக்கின்றன. முதலில் வருபவை கிருமிகளை அழிக்கின்றன. அடுத்து வரும் பெருந்தின்குழியங்கள், துப்புரவு முடிந்ததும் தம் தொழிலை மாற்றி, திருத்த வேலைக்கான சமிக்ஞைகளைச் சுரக்கின்றன. அதன்பிறகே நாரரும்பர்க் கலங்கள் கொலாஜனை உருவாக்குகின்றன. நுண்ணிய குருதிக் குழாய்கள் முளைக்கின்றன. விளிம்பிலுள்ள தோற்கலங்கள் நகர்ந்து புண்ணை மூடுகின்றன. ஆறிய தழும்புகூட, பழைய தோலின் பலத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தையே அடையும்.

நீரிழிவில் அந்தத் தொழில் மாற்றம் தாமதிக்கிறது. அழற்சி நீள்கிறது. கொலாஜனைச் சிதைக்கும் நொதியங்கள் பெருகி, கட்டியதையே கலைக்கின்றன. குருதியோட்டமும் குறையலாம். நரம்புகள் பழுதடைவதால் வலியும் தெரியாமற் போகலாம்.

"நோகல்லியே மகள்" என்று உம்மம்மா எங்களிடம் புண்ணை மறைத்தது அதனால்தான். வலிக்காத புண்ணுக்கே அதிகம் பயப்பட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது கிளினிக்கில் மருந்து கட்டுகிறார்கள். புண் மெல்லச் சுருங்குகிறது. ஒவ்வோர் இரவும் அவரது இரு பாதங்களையும் விரலிடுக்கு வரை நான் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் யாருக்காவது சீனி வருத்தம் இருந்தால், இன்றிரவே பாருங்கள்.