மருந்துக்காக விழுந்த கோட்டை

பாஸ்டில் சிறையைப் பாரிஸ் ஜனங்கள் கைதிகளை விடுவிக்கத்தான் உடைத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 1789 ஜூலை 14 அன்று உள்ளே இருந்த கைதிகள் மொத்தம் 7 பேர். நாலு பேர் கள்ள உண்டியல் கேஸ், ரெண்டு பேர் புத்தி பேதலித்தவர்கள், ஒருவன் சொந்தக் குடும்பமே பிடித்துக் கொடுத்த பிரபு. இவர்களுக்காகவா வெளியே 98 பேர் செத்தார்கள்?

ஜனங்கள் போனது மருந்துக்கு. சிவகாசிப் பக்கம் ‘மருந்து’ என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த அதே கருமருந்துதான். ஜூலை 11இல் மன்னன் பதினாறாம் லூயி நிதியமைச்சர் நெக்கரை நீக்கிவிட்டான். பாரிஸைச் சுற்றி ஏற்கெனவே படை நிற்கிறது. 14ஆம் தேதி காலை இன்வலீத் மாளிகையிலிருந்து சுமார் 30,000 துப்பாக்கிகளை ஜனங்கள் எடுத்துவிட்டார்கள். மருந்தில்லாத துப்பாக்கி வெறும் கட்டை. சில நாள் முன்புதான் 250 பீப்பாய் மருந்தைப் பாஸ்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். கோட்டைத் தலைவன் லோனே, சரணடைய விடாவிட்டால் கோட்டையோடு அக்கம்பக்கத்தையும் கொளுத்திவிடுவேன் என்று மிரட்டியதும் இந்தப் பீப்பாய்களை நம்பித்தான். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த மிரட்டலை விளக்க வேண்டியதில்லை.

(இதில் நம் பங்கும் கொஞ்சம் உண்டு. பிளாசிக்குப் பிறகு பீகார் வெடியுப்பு ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. பிரான்ஸ் தன் வீட்டு மண்ணையே தோண்ட வேண்டியதாயிற்று. உப்புக் காய்ச்சுகிறவர்கள் ஜனங்களின் நிலவறையிலும் தொழுவத்திலும் புகுந்து மண் அள்ளும் அரச உரிமை குறித்து நெடுநாள் புகைச்சல் இருந்தது. 1775இல் இந்த மருந்து இலாகாவைச் சீர்செய்ய வந்தவர்களில் ஒருவர் வேதியியல் மேதை லவாசியே.)

இந்தக் கூட்டம் ஜூலையில் திடீரென்று முளைத்ததில்லை. ஏப்ரல் கடைசியிலேயே சேன் அந்துவான் பகுதியில் ரெவெய்யோன் என்ற சுவர்க்காகித ஆலை முதலாளியின் வீட்டைச் சூறையாடினார்கள். தொழிலாளி ஒரு நாளைக்கு 15 சூ கூலியில் வாழலாம்னு அவர் சொன்னதாகப் பேச்சு. நாலு பவுண்டு ரொட்டியின் விலை அப்போது பதினாலரை சூ. அந்தக் கூலி ஒரு ரொட்டிக்குத்தான் காணும். படை சுட்டது, பலர் செத்தார்கள். பாஸ்டிலை உடைத்தவர்களில் பெரும்பகுதியும் அதே பகுதித் தச்சர்களும் பூட்டுச் செய்கிறவர்களும் சில்லறை வியாபாரிகளும்தான். அக்டோபர் 5 அன்று வெர்சாய்க்கு நடந்துபோய் மன்னனைப் பாரிசுக்கே கூட்டி வந்தவர்கள் பெண்கள், ரொட்டி கேட்டுக் கிளம்பியவர்கள்.

வரலாற்றை எழுதினவர்கள் தேசிய சபையின் வக்கீல்களுக்குத்தான் அதிகப் பக்கம் ஒதுக்கினார்கள். அந்தச் சபை செய்ததைப் பாருங்கள். 1789 டிசம்பரில் ‘செயல்படு குடிமகன்’, ‘செயல்படாக் குடிமகன்’ என்று பிரித்தது. பெண்ணுக்கு ஓட்டு இல்லை. வீட்டு வேலைக்காரனுக்கு இல்லை. மூணு நாள் கூலிக்குச் சமமான வரி கட்ட முடியாத ஆணுக்கும் இல்லை. 1790 ஜூனில் பாஸ்டிலை வென்றவர்களுக்குப் பட்டியல் போட்டு மரியாதை செய்தது. மறு வருஷம் பாரிஸ் தச்சர்கள் கூலி உயர்வு கேட்டு ஒன்றுகூடினார்கள். 1791 ஜூன் 14 அன்று, லெ ஷப்பலியே என்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்தால், தொழிலாளர் சங்கம் வைப்பதும் வேலைநிறுத்தம் செய்வதும் குற்றமாயின. அறிவிக்கப்பட்ட காரணம், இது சுதந்திரத்துக்கும் மனித உரிமைப் பிரகடனத்துக்கும் விரோதம் என்பது. பிரான்சில் தொழிற்சங்கம் மறுபடி சட்டப்படி செல்லுபடியாக 1884 வரை ஆயிற்று.