இரண்டு கடைக்கு ஒரே சேர்வரா?

புடைவைக் கடையும் இரும்புச் சாமான் கடையும் ஒருவரே நடத்துவது நம் வியாபாரிகளிடையே புதிதல்ல. இரண்டுக்கும் தனித்தனி டொமைன் பெயர் எடுத்துவிட்டு, மின்னஞ்சலை மாத்திரம் ஒரே சேர்வரில் வைத்துக்கொள்வார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் இரண்டு டொமைனிலும் 'சேல்ஸ்' என்றொரு முகவரி இருந்தால் கவனம் தேவை.

பரவலாகப் பயன்படும் போஸ்ட்பிக்ஸ் மென்பொருளில் இரண்டையும் உள்ளூர் டொமைன்களாகப் பதிந்தால், @ குறிக்கு முன்னுள்ள பெயரைக் கொண்டே அஞ்சல் பெட்டி தீர்மானிக்கப்படும். புடைவை ஓடரும் இரும்புக்கான விலை விசாரணையும் ஒரே பெட்டியில் விழும். ஒரு கடையின் கொள்விலை மற்றக் கடை ஊழியரின் கண்ணில் படும்.

இதற்கென்றே 'வேர்ச்சுவல் எலியாஸ்' என்ற மாற்றுப்பெயர்ப் பட்டியல் உண்டு. இதில் டொமைனோடு சேர்த்து முழு முகவரியையும் எழுதி, அது யாருடைய பெட்டிக்குப் போகவேண்டும் என்று எதிரே குறிப்பார்கள். இப்படிச் சேர்க்கும் டொமைன், உள்ளூர் டொமைன் பட்டியலில் இருக்கக் கூடாது. ஊழியர் விலகினால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். வெளிநாட்டு விநியோகஸ்தர் பழைய முகவரிக்கே எழுதுவார், கடிதம் புதியவருக்கு வரும். ஊழியரின் சொந்த ஜீமெயிலை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்களுக்கு இந்த வசதி இல்லை.

எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்கும் ஏற்பாட்டைச் சிலர் விரும்புவர். குப்பை அஞ்சல்தான் குவியும்.

எலியாஸ் கடிதத்தைப் பெறுவதற்கு மட்டுமே. பதில் அந்தக் கடையின் பெயரிலேயே போக, அனுப்புநர் முகவரியைத் தனியாக அமைக்கவேண்டும். 2024 பெப்ரவரி முதல் ஜீமெயில், தனக்கு அஞ்சல் அனுப்பும் டொமைன்களுக்கு எஸ்.பி.எப். அல்லது டி.கே.ஐ.எம். பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. இரண்டாவது டொமைனுக்கும் அது செய்யப்பட்டிருக்கிறதா என்று தொழில்நுட்பவியலாளரிடம் கேளுங்கள்.