உங்களுக்குத் தெரியுமா?

ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று 1958இல் பெயர் வாங்கிய பீட்டர் தங்கராஜ், முதலில் கோல் அடிக்கும் சென்டர் பார்வர்டு!

● குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிதான் அவரை கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியது. அந்த அணி 1955லும் 1958லும் டுராண்ட் கோப்பையை வென்றது.

● மெல்போர்ன் (1956), ரோம் (1960) என இரண்டு ஒலிம்பிக்.

● 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டி. அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். உடல்நலமின்றி முந்தைய ஆட்டங்களில் இறங்காத தங்கராஜ், அன்று கோல் காக்க இறங்கினார். தென்கொரியா அடித்தது ஒரே கோல், அதுவும் கடைசி நிமிடங்களில். 2-1, தங்கம் நமக்கு! இன்றுவரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவின் கடைசித் தங்கம் அதுவே.

● 1967இல் அர்ஜுனா விருது. பிறகு பயிற்சியாளர். 2008இல் போகாரோவில் மறைந்தார்.

திண்டுக்கல் பெற்றோரே, ‘என்னைக் கோலில் நிறுத்திட்டாங்க’ என்று உங்கள் பிள்ளை முகம் வாடி வந்தால், தங்கராஜ் கதையைச் சொல்லுங்கள்.