எழுத்தறிமுகமும் இல்லச் சூழலும்: மாளிகாவத்தைச் சிறாரை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பாடசாலையிற் சேர்வதற்கு முன்னரே குழந்தைக்கு எழுத்துடன் உறவு ஏற்படுதல் வேண்டும் என்பது இன்று பெரிதும் ஏற்கப்பட்ட கருத்தாகும். ஆயின், அவ்வுறவு எவ்வாறு தொடங்கப்படல் வேண்டும் என்பதிற் போதிய தெளிவு நம்மிடையே இல்லை. மூன்று வயதுக் குழந்தையின் கையிற் பென்சிலைக் கொடுத்து, ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவிப்பதே கற்பித்தல் எனக் கருதுவோர் பலர். விளையாட்டும் கைவினையும் வாயிலாக இல்லத்திலேயே எழுத்தை அறிமுகஞ் செய்யும் முறைகளை, கொழும்பு மாளிகாவத்தைச் சூழலை முன்னிறுத்தி, இக்கட்டுரையில் நோக்குவோம்.

நான்கு எழுத்துமுறைகளின் நடுவே

மாளிகாவத்தை, தமிழைப் பேச்சுமொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதி. தொடர்மாடி வீடுகளும் நெருக்கமான ஒழுங்கைகளும் நிறைந்தது. இங்கு வளரும் குழந்தை கடைப் பலகைகளிற் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் காண்கிறது. குர்ஆன் மத்ரஸாவில் அரபு எழுத்தை ஓதப் பழகுகிறது. வீட்டிலே தமிழைக் கேட்கிறது. பின்னர் சிங்கள மொழிமூலமோ ஆங்கில மொழிமூலமோ பயிலச் செல்லுங் குழந்தைகளும் உளர். இவர்களுக்கு வீட்டில் எழுத்து அறிமுகமாகாவிடின், தாய்மொழி செவிக்கு உரியதாக மட்டும் நின்றுவிடும், கண்ணுக்கு உரியதாகாது. இல்லத்து எழுத்துப்பயிற்சி இங்கு வெறும் பொழுதுபோக்கன்று என்பது இதனாற் பெறப்படும்.

பல எழுத்துக்கள் குழந்தையைக் குழப்பிவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. தமிழை அரபு எழுத்திலே எழுதி அரபுத்தமிழ் என்னும் இலக்கிய மரபையே வளர்த்த சமூகம் இது. எனினும் அரபு வலமிருந்து இடமாகவும் தமிழ் இடமிருந்து வலமாகவும் செல்வதை மனங்கொள்ளல் வேண்டும். எழுதும் தட்டின் இடப்புறத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டி, ‘இங்கிருந்து தொடங்கு’ எனப் பழக்கினால் அவ்விடர் பெரிதும் நீங்கும்.

விரலே முதற் கருவி

நமது திண்ணைப் பள்ளிகளிற் சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகினர். விசயதசமியன்று அரிசியில் விரல்பிடித்து எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. மேலைநாட்டிலே மரியா மொண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலாற் தடவி உணருமாறு செய்தார். அவர் 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோப் பகுதியில் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது, உழைக்கும் மக்களின் தொடர்மாடிக் குடியிருப்பொன்றிலேயே என்பது நமக்கு நினைவுகூரத்தக்கது. 1944இல் அவர் இலங்கைக்கும் வந்தார். இரு மரபுகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே: பென்சிலைப் பிடிக்கும் வலிமை விரல்களுக்கு வருமுன்னரே, எழுத்தின் வடிவம் விரல் வழியாக மனத்திற் பதியும்.

எந்த எழுத்து முதலில்?

அரிச்சுவடியின் வரிசை ‘அ’ எனத் தொடங்கும். அதற்கு ‘அம்மா’ என்னுஞ் சொல் காட்டப்பெறும். மாளிகாவத்தைக் குழந்தையின் வாயிலோ முதலில் வருவது ‘உம்மா’. உயிர், மெய், உயிர்மெய் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த சொல் என ‘அம்மா’வைப் போற்றுவர். ‘உம்மா’ என்பதிலும் உ, ம், மா என அம்மூன்றும் அவ்வாறே அமைந்துள்ளன. ஆதலின் இக்குழந்தைக்கு ‘உ’வை முதலெழுத்தாகக் கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. அடுத்து, குழந்தையின் சொந்தப் பெயரின் முதலெழுத்தைக் காட்டலாம்.

தமிழெழுத்துக்கள் 247 என்றதும் பெற்றோர் மலைப்பர். 12 உயிர்களும் 18 மெய்களும் சில துணைக்குறிகளும் தெரிந்தாற் பெரும்பாலானவற்றை அமைத்துக்கொள்ளலாம். வடிவ எளிமை நோக்கி, நேர்கோடுகளாலான ட, ப ஆகியவற்றையும் அவற்றோடு ம என்பதையும் முதலிற் காட்டுதல் நன்று. இம்மூன்றைக் கொண்டே படம், மடம், பட்டம் எனப் பொருளுள்ள சொற்களை அமைக்க முடியும்.

செயல்முறைகள் சில

1. மணற்றட்டு: பழைய தட்டொன்றில் மெல்லிய படையாக மணலைப் பரப்பி விரலால் எழுதச் செய்தல். தட்டை அசைத்தால் எழுத்து மறையும்; பிழை நிலைப்பதில்லை ஆதலாற் குழந்தைக்கு அச்சமும் இல்லை.

2. மா உருட்டல்: ரொட்டிக்குப் பிசைந்த கோதுமை மாவிற் சிறிது பெற்று, கயிறுபோல் உருட்டி எழுத்தை வளைத்தல். இருசுழி ன, மூன்றுசுழி ண ஆகியவற்றின் வேறுபாட்டைச் சுழிகளை எண்ணியே குழந்தை உணரும்.

3. விதைக்கோலம்: நோன்பு காலத்திற் சேரும் பேரீச்சம் விதைகளைக் கழுவி உலர்த்தி, அட்டையில் வரைந்த எழுத்தின்மேல் அடுக்குதல். மூன்று வயதுக்குட்பட்டோர் விதைகளை வாயிலிடுவர். அவர்கள் அருகிலிருப்பின் இதனைத் தவிர்த்தல் வேண்டும்.

4. அசையும் அட்டை: பழைய நாட்காட்டி அட்டையில் ‘ப’ என எழுதி, புள்ளி, கால், கொம்பு, ஐகாரக்குறி ஆகியவற்றைத் தனித்தனி அட்டைகளில் வரைந்து அருகே வைத்தல். ப், ப, பா, பெ, பே, பை, பொ, போ என எட்டு வடிவங்கள் ஓரெழுத்திலிருந்து பிறக்கக் குழந்தை காணும். இவ்வாறே பாடம், மேடை, மாமா என்பனவும் உருவாகும். உகர, ஊகாரக் குறிகள் எழுத்துக்கெழுத்து வேறுபடுவன. அவற்றைப் பின்னர்க் காட்டலாம்.

ஒரு குறிப்பு: தமிழ்நாட்டரசு 1978இற் செய்த எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் கற்ற மூத்தோர் ணா, லை முதலியவற்றைப் பழைய வடிவில் எழுதக்கூடும். அதனைப் பிழையெனக் கூறாது, ‘இது மூத்தம்மாவின் எழுத்து’ என்று காட்டுவதே பண்பாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றுள் விலைகொடுத்து வாங்கவேண்டியது ஏதுமில்லை, உயர்கல்வியும் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தாயும் நாள்தோறும் பத்து நிமிடம் இதனைச் செய்யலாம். குழந்தை சலித்தவுடன் நிறுத்திவிடுதல் வேண்டும். ஒப்பிடுதலும் கடிந்துரைத்தலும் ஆகா. தன் உம்மாவை அழைக்குஞ் சொல்லைத் தன் விரலாலேயே மணலில் எழுதிப் பார்த்த குழந்தை, பின்னர் எம்மொழிமூலம் பயின்றாலும் தாய்மொழியின் எழுத்தை அந்நியமாகக் கருதாது என நாம் துணிந்து கூறலாம்.